வெயில் பக்கம் நகருங்கள்

பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. காலியாகச் சுற்றும்போது அதற்கு ஒரு குரல். அரிசியை அள்ளிப் போட்டதும் வேறு குரல். அடித்தொண்டைக்கு இறங்கி, சற்றுத் திணறி, பிறகு நீளமான ஒரு முனகலில் நிலைத்துவிடுகிறது. அந்த வீட்டுப் பெண் அதைக் கவனிப்பதில்லை. யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் காபி டம்ளரை வைத்துவிட்டு நிற்கிறேன். பட்டறை வேலையை விட்டு வந்துவிட்டேன். காது இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.

பட்டறை வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது, படம் இருக்கிறது, வண்டியில் செருகினால் பேசும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் நான் நுழையப்போவதில்லை. ஓசூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் நான் பார்த்த வேலை, வண்டியை ஓட்டிப் பார்த்து அதற்கு என்ன நோவு என்று சொல்வது. அடுத்தவர் வண்டியில், அடுத்தவர் ஒட்டிவைத்த சாமி படத்துக்கு முன்னால், அடுத்தவர் தெளித்த சென்ட் வாசனையில் உட்கார்ந்து காதைக் கொடுப்பது. அவ்வளவுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்டவள் நான்.

கார் போடும் சத்தங்களில் என்னைப் பயமுறுத்தியது 'டமால்' இல்லை. 'டமால்' என்றால் யாரும் ஓரங்கட்டி நின்றுவிடுவார்கள். இந்த முனகல் அப்படிப்பட்டதல்ல. அது முதல் நாள் தொந்தரவாக இருக்கும், அடுத்த வாரம் பழகிவிடும், அடுத்த மாதம் வண்டியின் குணமாகிவிடும். 'என் வண்டி இப்படித்தான்' என்று செல்லமாகக்கூடச் சொல்வார்கள். எல்லா முனகலும் ஆபத்து என்றும் சொல்லமாட்டேன். ஆயுத பூஜை முடிந்து வந்த ஒரு கர்நாடகா வண்டி, வேகம் பிடித்தால் ஊளையிட்டது. பெங்களூரில் புது டயரே மாற்றிவிட்டார்களாம். முன்பக்கக் கிரில்லுக்குள் பூஜைக்குக் கட்டிய ஜிகினா நாடா ஒரு துண்டு மாட்டியிருந்தது. இரண்டு விரலால் உருவினேன். ஊளை நின்றது. அன்று பட்டறை முழுக்க எனக்கு மரியாதை. அந்த மாதிரி நாட்கள் நம்மைக் கெடுக்கும். நம் காதை நாமே நம்பத் தொடங்கிவிடுவோம்.

மாதேஷின் வண்டி வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து.

மாதேஷ் ஊத்தங்கரைப் பக்கத்து ஆள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கார் ஓட்டினான். வண்டி காண்ட்ராக்டருடையது. கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வாசலில் இரண்டு மணிக்குள் இறக்க வேண்டும். பின்னாலிருந்து ஏதோ முனகுகிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தது நான்தான். ஒரு சத்தமும் இல்லை. அப்படியே சொல்லி அனுப்பினோம்.

மூன்றாம் முறை அவன் வந்து நின்றது ஒரு மத்தியான வேளை. எங்கள் மேனேஜர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "டிரைவருக்கு ரெஸ்ட் வேணும்னா வண்டிக்குச் சத்தம் வந்துரும். இது ஊர் அறிஞ்ச விஷயம்தானே மேடம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மாதேஷுக்குக் கேட்டது. அவன் என்னை மட்டும் பார்த்துப் பேசினான்.

"நான் பொய் சொல்லலைங்க மேடம். வருது. உங்ககிட்ட கொண்டாந்தா வர மாட்டேங்குது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்ச எறங்கிக்குமே, அந்த மாதிரி பண்ணுது."

"எப்ப வருது?"

"ஆளுங்க ஏறுன பின்னாடி."

"தினமுமா?"

"தினமுந்தான். அவங்க ஏறுனதும் பாட்டு போடச் சொல்லுவாங்க. சத்தம் ஜாஸ்தியாச்சுன்னா நானும் பாட்டை ஜாஸ்தி பண்ணிருவேன். இல்லாட்டி 'என்னா வண்டிப்பா இது'ன்னு என்னத்தான் கேப்பாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கும் ஒண்ணுமில்லேன்னு சொல்லி அனுப்புனீங்கன்னா சாவியை வெச்சுட்டுப் போன்னு காண்ட்ராக்டரோட சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்க. இப்பத்தான் ஊர்லேர்ந்து பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டியாந்து பள்ளிக்கூடத்துல சேத்தேன். வண்டியை ஓட்டச் சொன்னா பயமா இருக்குது. ஓட்டலேன்னா வேலை இல்ல. எதுக்குன்னு பயப்படறது, நீங்களே சொல்லுங்க."

அவன் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வேறொன்று உறைத்தது. ஆள் ஏறினால் வரும் சத்தத்தை நாங்கள் இரண்டு முறையும் காலி வண்டியில் தேடியிருக்கிறோம். பட்டறைகளில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். வண்டி நம்மிடம் வரும்போது குளித்துவிட்டு, பையை இறக்கிவைத்துவிட்டு, ஒற்றை ஆளாக வருகிறது. அது வாழும் வாழ்க்கையை நாம் பார்ப்பதே இல்லை.

"நானும் உங்ககூட வர்றேன்" என்றேன்.

"லைன்ல வண்டி நிக்குது மேடம்" என்றார் மேனேஜர்.

"நிக்கட்டும் சார். இது ஓடுற வண்டி."

*

போகும்போது ஒன்றும் இல்லை. சாலையின் இரு பக்கமும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள் வெயிலைத் திருப்பி அடித்தன. இடையிடையே தக்காளி, கேழ்வரகு. வேகம் கூட்டினான், குறைத்தான், கியர் மாற்றினான். வண்டி ஒரு நல்ல பிள்ளையைப் போல ஓடியது. மாதேஷின் கழுத்தில் வியர்வை இறங்கியது. வண்டி சத்தம் போடாததற்காக ஒரு மனிதன் வியர்த்துப்போவதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். எட்டுப் பேர். முன்சீட்டில் கௌரம்மா. அவர்களில் மூத்தவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஜன்னலில் துப்பட்டாவைச் செருகி வெயிலை மறைத்துக்கொண்டு அமர்ந்தார். நடுவில் நான்கு பேர். கடைசியில், பின்சக்கரங்களுக்கு மேலே, எதிரெதிரே பார்த்தபடி இரண்டு பெஞ்சுகள். வலப்பக்கத்துப் பெஞ்சில் மூன்று பேர் ஒருவர் மடியில் ஒருவர் ஏறாத குறையாக நெருக்கி உட்கார்ந்தார்கள். இடப்பக்கத்துப் பெஞ்சில் சாப்பாட்டுப் பைகளும் நானும்.

"யாருக்கா நீங்க, புதுசா? கம்பெனில எந்த லைன்?" எதிரே இருந்த செல்வி கேட்டாள்.

"இவங்க மெக்கானிக்கு" என்றான் மாதேஷ்.

"மெக்கானிக்கா! அப்ப நம்ம டிரைவர் மூஞ்சியையும் கொஞ்சம் சர்வீஸ் பண்ணி உடுங்கக்கா. எப்பப் பாத்தாலும் உர்ருன்னே கீறாரு."

"சும்னே இரு செல்வி" என்று முன்னாலிருந்து கௌரம்மா அதட்டினார். அந்த அதட்டலும் தினசரி வழக்கம்தான் போல. எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாட்டு தொடங்கியது. கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் நிறுத்தச் சொன்னேன்.

வண்டிக்குள் ஒரு கலகமே நடந்தது. "ஐய, போங்கக்கா" என்றாள் செல்வி. "லைன்ல பேசக்கூடாது. வூட்ல பாடுனா மாமியாக்காரி மொறைக்கும். இந்தக் கொஞ்ச நேரந்தான் எங்க ராஜ்ஜியம். அதுக்கும் வந்துட்டீங்களா?"

"கொஞ்சம் தூரம் மட்டும்" என்று கெஞ்சினேன். மாதேஷ் பாட்டை அணைத்தான்.

அது அங்கே இருந்தது.

பாட்டுக்கு அடியில் அதுவரை படுத்திருந்தது போல. மெல்லிய, நீண்ட, ஒற்றை இழையாக ஒரு முனகல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடச் சொன்னேன். மாறவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, கியரும் இல்லை. உருள்கிற ஏதோ ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுக்காக்கா பாட்டை நிறுத்துனீங்க?" செல்விக்கு நம்ப முடியவில்லை. "இது எப்பவும் வர்றதுதானே. வண்டியோட சத்தம்க்கா இது."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு வார்த்தைகளில் உங்களிடம் பலரும் சொல்வார்கள்.

சாலை இடப்பக்கம் வளைந்தது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. முனகல் தடித்தது. சாலை வலப்பக்கம் வளைந்தது. முனகல் மெலிந்து நூலாகிப்போனது. நான் கண்ணைத் திறந்தபோது எதிர்ப்பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தேன். என் தோளில் வெயில் சுட்டது. அப்போதுதான் புரிந்தது. மத்தியானத்தில் ஓசூர் நோக்கிப் போகும் வண்டிக்கு வெயில் இடப்பக்கம். ஆகவே தினமும், மாதக்கணக்காக, இவர்கள் அத்தனை பேரும் நிழல் தேடி வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் அத்தனை பேரையும் தனியாகச் சுமந்திருக்கிறது.

"எல்லாரும் வெயில் பக்கம் நகருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஒரு தடவை. எனக்காக."

"கறுத்துப் போயிருவோம்க்கா!"

"போட்டிருக்கற பவுடருக்கு வெயிலே உள்ள வராது, நகருடி" என்றாள் நடுச்சீட்டில் ஒருத்தி. திட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் பைகளைத் தூக்கிக்கொண்டும் எல்லாரும் இடப்பக்கம் சரிந்தார்கள். ஒருத்தி ஏறக்குறைய என் மடியில்.

முனகல் நின்றது.

அப்படியே நின்றது. டயர் தாரில் உரசும் வெறும் சத்தம் மட்டும். பிறகு செல்வி கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். மாதேஷ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டும் முகம். "கேட்டீங்களா மேடம்? கேட்டீங்கல்ல? நான் சொன்னேன்ல?"

"வலது பின் வீல் பேரிங்" என்றேன். சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. ஜிகினா நாடாவை உருவிய அன்றைக்கு வந்த அதே கர்வம் எனக்குள் எட்டிப் பார்த்தது. மறைக்கவில்லை.

*

நான் உங்களிடம் பேச வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். மாதேஷ் ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைச் சொன்னான். முனகல் இப்போது இல்லை என்பதையும் சொன்னான், பாவம், மகிழ்ச்சியில்.

"நின்னுருச்சில்ல? அப்புறம் என்னா? அப்படியே ஒரு பக்கமா உக்கார வெச்சு மெதுவா ஓட்டிட்டு வா. அவங்களை இறக்கி விட்டுட்டு வண்டியைப் பட்டறையில வேலைக்கு உடு."

"கரெக்ட்டு" என்றார்கள் பெண்கள். "நாங்க வெயில்லயே உக்காந்துக்கறோம். கம்பெனி கேட்டு மூடறதுக்குள்ள போனா சரி."

மாதேஷ் என்னைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "மெதுவாப் போகலாம்."

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவர்களை நகர்த்தினேன். கண்டுபிடித்ததும் அந்தச் சோதனையே மருந்துபோல ஆகிவிட்டது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒரு வலியைப் பேசவிடாமல் வாயைப் பொத்திவிட்டு, குணமாகிவிட்டது என்று எல்லாரும் கைதட்டினோம். மாதேஷ் பாட்டால் பொத்தினான். நான் எட்டுப் பெண்களின் எடையால் பொத்தினேன். அவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்து செய்தேன்.

வண்டி மெதுவாகப் போனது. யாரும் பாட்டு கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. முனகல் இருந்தவரை அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அறைக்குள் பாம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது ஒன்று. பார்த்த பாம்பு கண்ணில் படாமல் போவது இன்னொன்று. நான் காலடித் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். முனகலாக வர முடியாதது இப்போது அதிர்வாக வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு. மணல் அரைபடுவது போல.

பிறகு மணம். தோசைக்கல்லில் எண்ணெய் கருகுவதற்கும் ரப்பர் எரிவதற்கும் நடுவில் ஒன்று. கிரீஸ் வெந்தால் வரும் வாடை. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

"யாராவது கருவாடு கொண்டாந்தீங்களாடி?" என்றாள் செல்வி.

முன்னால் ஏரிக்கரை. சாலை கரைமேல் ஏறி இடப்பக்கம் நீளமாக வளைகிறது. வலப்பக்கம் தண்ணீர். தடுப்பு என்று பெயருக்கு நாலு கல். அந்த வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சாயும்.

"மாதேஷ், நிறுத்துங்க."

"வளைவு தாண்டி நெழல் இருக்குது மேடம், அங்க..."

"இங்கயே. இப்பவே. பிரேக்கை அழுத்தாதீங்க, தானா நிக்கட்டும்."

வண்டி உருண்டு உருண்டு, கரை ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால், கேழ்வரகுக் கொல்லை ஓரமாக நின்றது.

எல்லாரையும் இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள், ஆனால் முகங்கள் மாறியிருந்தன. கைதட்டிய கைகள் இப்போது இடுப்பில்.

"மணி என்னான்னு தெரியுதாக்கா?" செல்வியின் குரலில் விளையாட்டு இல்லை. "இந்த மாசம் காய்ச்சல்லகூட லீவு போடாம வந்தேன். அவார்டு வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன். கேட்டு மூடுனா அரை நாள் போச்சு, அதுவும் போச்சு. சத்தந்தான் நின்னுருச்சே. நீங்கதானே நிறுத்துனீங்க?"

"ஆமா. நான்தான்" என்றேன். "அதனாலதான் சொல்றேன். சத்தம்தான் நின்னுச்சு."

தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வலது பின்சக்கரத்தின் நடுவில் கொஞ்சம் விட்டேன். சுர்ரென்று ஆவி எழுந்தது. செல்வி ஓரடி பின்னால் போனாள்.

மாதேஷின் போன் மறுபடி அடித்தது. சூப்பர்வைசருக்கு வண்டி நகராமல் நிற்பது ஜிபிஎஸ் வழியாக அவர் போனிலேயே தெரிந்துவிட்டது. "எங்கடா நிக்கற? யாரைக் கேட்டு நிறுத்தின?" மாதேஷ் வாய் திறப்பதற்குள், "அவ்வளவுதான், சாவியை அந்தம்மாகிட்டயே குடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏறு" என்றது போன்.

போனை நான் வாங்கினேன். நான் யார் என்று சொன்னேன். வண்டி இனி ஓடக்கூடாது, நிறுத்தச் சொன்னது நான், அவன் இல்லை என்றேன்.

"ரெண்டு தடவை ஒண்ணுமில்லேன்னு அனுப்புனதும் நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப நான் எதை நம்பறது? அன்னிக்குச் சொன்னதையா, இன்னிக்குச் சொல்றதையா?"

நியாயமான கேள்வி. எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் வந்தது. உங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள். அப்போது பழைய வார்த்தையைக் காப்பாற்றத் தோன்றும். கொஞ்சம் பொறு, வளைவு தாண்டிப் பார்க்கலாம், அதுவரை நாம் சொன்னதும் தப்பாகாமல் இருக்கட்டும் என்று ஒரு குரல் உள்ளே முனகும். அந்த முனகல்தான் எல்லா பேரிங்கையும்விட மோசமானது.

"இன்னிக்குச் சொல்றதை நம்புங்க" என்றேன். "அன்னிக்குக் காலி வண்டியில பார்த்தேன். இன்னிக்கு உங்க ஆளுங்களோட உக்காந்து பார்த்தேன்."

அவர் வைத்துவிட்டார்.

மாதேஷ் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தான். சாவி அவன் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். அடிக்கடி யானை இறங்கும் பக்கம் அது; கொல்லைக்குள் காற்று அடித்துக் கதிர்கள் அசைந்தன. "இங்கயே நின்னா ஆனை வந்து கேக்கும், ஏம்மா லேட்டுன்னு" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"ஜாக்கி போடுங்க" என்றேன்.

சக்கரம் தரையை விட்டு எழுந்தது. நான் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். அது ஆடியது. விழப்போகிற பல்லைப் போல உள்ளுக்கும் வெளிக்குமாக ஆடியது. உள்ளே ஏதோ உடைந்த கண்ணாடி போலக் கலகலத்தது. செல்வி வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறவள் அவள்.

கௌரம்மா கிட்டே வந்தார். "மறுபடி ஆட்டும்மா" என்றார். தன் போனை எடுத்து வீடியோ பிடித்தார். சூப்பர்வைசருக்கு அனுப்பினார். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. பிறகு கௌரம்மாவே கூப்பிட்டார். கன்னடத்தில் தொடங்கி, கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்தார்.

"நோடப்பா, எட்டுப் பேரும் ஏரிக்கரையில நிக்கறோம். எங்க எட்டுப் பேரு இல்லாம லைனு எப்படி ஓடுதுன்னு உங்க கம்பெனிக்காரரைக் கேளு. கேட்டுல சொல்லி வை, லேட்டா வருவோம். ஏரிக்குள்ள வண்டி எறங்கி இருந்தா வரவே மாட்டோம், அப்ப என்ன எழுதுவே?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கௌரம்மா போனை மடிக்குள் சொருகிக்கொண்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சக்கரம் அந்த வளைவைத் தாண்டியிருக்கவும் கூடும். கம்பெனி வாசல் வரைகூடப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓடவிட்டுத் தப்பு செய்தவனுக்கு அன்றே தெரிந்துவிடும். நிறுத்தியவளுக்குக் கடைசிவரை நிரூபணம் கிடைக்காது. நடக்காமல் போனதைக் காட்டி யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. செல்வியின் அவார்டு போனது நிஜம். ஏரி வெறும் 'இருந்திருந்தால்'. இந்தத் தொழிலில் அந்த எடையை நீங்கள் தனியாகத்தான் தூக்க வேண்டியிருக்கும், ஒரு பக்கத்துப் பெஞ்சின் கீழே சுழலும் சக்கரத்தைப் போல.

தூரத்தில் டவுன் பஸ் வந்தது. ஏற்கெனவே நிறைந்து, படியில் ஆள் தொங்கியபடி. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில்தான் மாதேஷின் போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை அவன் ஸ்பீக்கரில் போடவில்லை. காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "சரிங்க சார்... சரிங்க... சரிங்க சார்" என்றான். எல்லாரும் பஸ்ஸை மறந்து அவன் வாயைப் பார்த்தார்கள்.

"என்னாவாம்?" செல்விதான் கேட்டாள்.

"நாளைக்கு வேற வண்டி அனுப்பறாராம்." கையிலிருந்த சாவியைப் பார்த்தான். "டிரைவர் யாருன்னு காலைல சொல்றாராம்."

கண்டக்டர் விசில் ஊதினார். ஒவ்வொருவராக ஏறினார்கள். செல்வி ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வண்டியில் விட்டுப்போன சாப்பாட்டுப் பையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். என் விரல்களை ஒரு நொடி அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள்.

கௌரம்மா கடைசி. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். சக்கரத்தின் அருகில் சாவியோடு நின்றிருந்த மாதேஷைப் பார்த்து, பஸ் நகரத் தொடங்கிய பிறகும் கேட்கும்படி, உரக்கச் சொன்னார்:

"டிரைவர் யாருன்னு நாங்க சொல்லிட்டோம்னு அவருகிட்ட சொல்லு. நாளைக்கு நீயே வா. பாட்டு வேணாம்."